இழைமணியும் நம்மட தறியும்

உயர்தரம் வரைக்கும் உயிரியலைத் தமிழில் படிச்சிட்டு, கெம்பஸில் முதல் ஆங்கில விரிவுரைக்குப் போன யாருக்கும் அந்தப் பயம் தெரியும். திரையில் முழ நீளத்துக்கு ஒரு சொல். எங்க தொடங்கி எங்க மூச்சு விடுறது? பிழையாச் சொன்னாச் சிரிப்பாங்க என்ற வெட்கத்தில் நானும் வாய் திறக்கல்ல. அப்பக் கிடைச்ச புத்திமதி இதுதான்: "தமிழில படிச்சத மறந்துட்டு, புதுசாப் பாடமாக்குங்க."

அந்தப் புத்திமதி பிழை என்றுதான் நான் சொல்வேன்.

மைட்டோகொண்ட்ரியாவை எடுங்க. 1898இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மன் ஆய்வாளர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. மைட்டோஸ் என்றால் நூல்; கொண்ட்ரியோன் என்றால் சிறுமணி. நம்மட பாடப்புத்தகத்தில் அதுக்குப் பெயர் என்ன? இழைமணி! மைட்டோசிஸ், இழையுருப்பிரிவு, அதே இழைதான். ஹிஸ்டொலஜி, இழையவியல். ஹிஸ்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தறி என்றும், தறியில் நெய்த துணி என்றும் பொருள். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த மருதமுனைப் பிள்ளைக்கு இந்தச் சொல்லா அந்நியம்?

மறக்கச் சொன்ன தமிழ்ச் சொல்தான் கிரேக்கச் சொல்லைப் பிரிச்சுக் காட்டுது. கஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்: கஸ்ட்ரோ இரைப்பை, என்டரோ குடல், ஐட்டிஸ் அழற்சி. 'ஐட்டிஸ்' பிடிபட்டால் ஹெபட்டைட்டிஸ், ஆத்ரைட்டிஸ் எல்லாம் பாதி விளங்கிடும்.

ஆனா, பொருள் விளங்கினதால மட்டும் உச்சரிப்பு வராது. ஹிஸ்டோ, லொஜி என்று பிரிச்சாலும், சொல்லும்போது அழுத்தம் நடுவில விழும்: ஹிஸ்‑டொ‑லஜி. சைக்கொலஜியில் முதலில் எழுதுற 'பி' வாயில் வரவே வராது. இதுகளைக் காதால கேட்டு, சத்தமாச் சொல்லித்தான் பழகணும்.

தமிழில படிச்சதாலதான் பின்தங்குறோம் என்று சிலர் சொல்றாங்க. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் படிப்பிச்சார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். குறை தமிழில இல்ல. ரெண்டு மொழிக்கும் நடுவில நமக்கு யாரும் பாலம் போட்டுத் தரல்ல.

அந்தப் பாலத்தை உயர்தர வகுப்பிலேயே போடலாம். கலைச்சொல்லை எழுதுற ஆசிரியர், பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் அதன் வேர்களையும் எழுதி, பிள்ளைகளை ஒருக்காச் சத்தமாச் சொல்ல வைக்கட்டும். ஐந்து நிமிஷம் போதும். பெறுபேறு வரும் வரை வீட்டில் இருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, நீங்க அதுக்கும் காத்திருக்க வேணாம். பழைய கொப்பியை எடுங்க. இழைமணியிலிருந்து தொடங்குங்க.