காமிராவுக்கும் கறுப்புக் கண்ணாடி!

உச்சி வெயிலில் வெளியே கிளம்பும்போது நம்மில் பலர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறோம். சினிமாக் காமிராவுக்கும் அப்படி ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸுக்கு முன்னால் 'மாட் பாக்ஸ்' என்ற கூட்டைப் பொருத்தி, அதில் 'பில்டர்' கண்ணாடிகளைச் செருகுவார்கள். பக்கத்துக்கு 6.6 அங்குலம் உள்ள பெரிய சதுரக் கண்ணாடிகளும் இவற்றில் உண்டு. அகன்ற காட்சியைப் பிடிக்கும் பெரிய லென்ஸின் முன் சின்னக் கண்ணாடியை வைத்தால், அதன் விளிம்பு படத்தில் விழுந்துவிடும்.

"எல்லாவற்றையும் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாமே! இந்தக் கண்ணாடிகள் எதற்கு?" என்று இப்போது சிலர் கேட்கிறார்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை அவர்கள் கட்சி நியாயமானதே. 1958-ல் வந்த 'சௌத் பஸிபிக்' என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஆரம்பித்ததும் திரை முழுவதும் ஒரு நிறம் ஏறிவிடும். லென்ஸுக்கு முன் வைத்த கலர் பில்டர்களின் வேலை அது! விமர்சகர்கள் சாடினார்கள். டைரக்டர் ஜாஷுவா லோகனே பின்னாளில் அதற்காக வருந்தினார். கண்ணாடி ஏற்றிய நிறத்தை அந்நாளில் எளிதில் இறக்க முடியவில்லை. இன்றோ நிறத்தைச் சாவகாசமாகப் பிறகு தீட்டலாம்.

ஆனால் வெளிச்சத்தின் கதை வேறு. வெயிலில் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால், கதாநாயகியின் முகத்தோடு பின்னால் உள்ள மின்சாரக் கம்பமும் பளிச்சென்று தெரியும். 'என்.டி. 0.9' என்ற சாம்பல் நிறக் கண்ணாடி எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தையே உள்ளே விடும், நிறத்தை மாற்றாது. துவாரத்தைப் பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம். முகம் மட்டும் எடுப்பாக நிற்கும். சில காமிராக்களுக்குள்ளேயே இந்த வசதி வந்துவிட்டது என்பது உண்மையே.

அப்படியானால், காருக்குள் அழுதுகொண்டிருக்கும் ஒருத்தியை வெளியிலிருந்து படமெடுப்பது எப்படி? முன்கண்ணாடியில் வானம் பிரதிபலித்து அவள் முகத்தை மறைக்கும். 'போலரைஸர்' கண்ணாடியைத் தக்கபடி திருப்பினால் அந்தப் பிரதிபலிப்பு வெகுவாக அடங்கும், கண்ணீர் தெரியும். வானத்தின் பளபளப்பில் அமுங்கிப்போன கண்ணீரைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து கொண்டுவரும்? பொய்யாக ஒன்றை வரைந்துதான் வைக்கவேண்டும்!

ஆகவே படமெடுப்போருக்கு நம் யோசனை இதுதான்: கலர் கண்ணாடிகளைப் பெட்டியில் வைத்துவிடுங்கள், மற்ற இரண்டையும் கைவிடாதீர்கள். கண்ணாடியைத் திருப்பிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமே என்று அவசரப்படவேண்டாம். ரசிகன் டிக்கெட் வாங்குவது அந்த நடிகையின் முகத்தைப் பார்க்கத்தான்.