பெயரற்ற முகங்கள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து இளைஞர் நால்வர் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் என் இல்லம் தேடி வந்தனர். ஊருக்கென இணையத்தளம் ஒன்றை அமைத்துவிட்டதாகவும், அதிலே பழைய புகைப்படங்களுக்குப் படக்கூடம் ஒன்று திறக்க எண்ணியிருப்பதாகவும் கூறினர்.

"இரண்டு கிழமைக்குள் முந்நூறு படங்கள் சேர்ந்துவிட்டன, சேர். நீங்கள் ஒரு முன்னுரை எழுதித் தந்தால் தைப்பொங்கலன்று திறந்துவிடலாம்" என்றான், என்னிடம் கல்வி பயின்ற மூத்தவன்.

படங்களைப் பார்த்தேன். தேர்த் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கலியாணப் பந்தல், சூட்டடி, வாசிகசாலைத் திறப்புவிழா எனக் கண்ணுக்கு விருந்தாயிருந்தன. ஆயினும் ஒரு படத்தின் கீழேனும் ஒரு பெயரில்லை. "இவர் யார்?" என்று கேட்டேன். "தெரியாது, சேர்." "எந்த ஆண்டில் எடுத்தது?" "பழைய படம், சேர்."

முன்னுரைக்குப் பதிலாக என் அனுபவம் ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். வாசகர்களுக்கும் அதனையே சொல்ல விரும்புகிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது நான் பாடசாலை மாணவன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ஓர் அல்பம் ஆகிய மூன்றையும் அன்னையார் ஒரு பையிலிட்டு என்னிடம் தந்தார். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்த அந்தச் சனக் கூட்டத்திலே, மழையில் நனையாதபடி அப்பையை மார்போடு அணைத்துச் சென்றேன். அல்பம் தப்பியது. பல வீடுகளில் ஒரு படமேனும் எஞ்சவில்லை.

பிற்காலத்தில் என் பெரியம்மா அதனை மடியில் வைத்து, "இவர் உன்ரை பாட்டன்ரை தம்பி, இவ மலாயாவிலையிருந்து வந்தவ" என்று ஒவ்வொருவராகக் காட்டுவார். "அடுத்த விடுமுறைக்கு வந்து கொப்பியில் எழுதுகிறேன், பெரியம்மா" என்பேன். விடுமுறைகள் வந்தன, போயின. ஒரு நாள் பெரியம்மாவும் போய்விட்டார். அந்த அல்பத்தில் இன்று நாற்பத்தொரு படங்கள் உள. அவற்றுள் பதினேழில் இருப்பவர் யாரென்று சொல்ல எங்கள் குடும்பத்தில் எவருமில்லை. மழைக்குத் தப்பிய படங்கள் என் சோம்பலுக்குத் தப்பவில்லை.

இதனைக் கேட்ட இளைஞர் திறப்புவிழாவை ஒத்திவைத்தனர். பின்னர் நாங்கள் கைக்கொண்ட முறையை, இத்தகைய முயற்சியில் இறங்கும் பிற ஊரவருக்கும் மாணவருக்கும் பயன்படுமெனக் கருதி இங்கே தருகிறேன்.

முதலாவது, படம் தெளிவாயிருத்தல் வேண்டும். வட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தரம் குன்றிவிடும். அதனை ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளபடியே வந்துசேரும். சிறிய படங்களை ஸ்கானரில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுப்பது நன்று. அல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுத்தல் ஆகாது. பகல் வெளிச்சம் படும் விறாந்தையிலே வைத்து, மின்னொளி பாய்ச்சாது கைத்தொலைபேசியால் நேர்மேலிருந்து எடுத்தல் போதும். படத்தின் பின்புறத்தையும் எடுத்துக்கொள்க. ஸ்ரூடியோவின் முத்திரையும் யாரோ எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, யார், எங்கே, எப்போது, யார் தந்தது என்னும் நான்கையும் எழுதுதல் வேண்டும். குழுப்படமாயின் முன்வரிசையில் இடமிருந்து வலமாகத் தொடங்குக. ஆண்டு தெரியாவிடின் '1960களில்' என்றும், ஆளைத் தெரியாவிடின் 'அடையாளம் தெரியவில்லை' என்றும் எழுதலாம். ஊகத்தை உண்மைபோல் எழுதினால் நாளை அதுவே வரலாறாகிவிடும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவதும் இவ்வகையினதே. ஆச்சி உடுத்த சேலையின் நிறத்தைக் கணினி கண்டதில்லை. விரும்புவோர் தனிப் பிரதியில் தீட்டிக்கொள்ளட்டும். மூலத்தைத் தொடுதல் ஆகாது.

மூன்றாவது, அனுமதி. படம் தந்தவரிடமும், படத்திலுள்ளவர் உயிரோடிருப்பின் அவரிடமும் கேட்டல் முறை. பிரிந்துபோன தம்பதியரின் மணக்கோலமும், பிள்ளைகளின் படங்களும் உலகமெல்லாம் காணத்தக்கனவா என்று சிந்திக்க வேண்டும். எவரேனும் அகற்றும்படி கேட்டால் வாதாடாது அகற்றிவிடுக.

நான்காவது, பாதுகாப்பு. இணையத்தில் இட்டது என்றும் அழியாது என்பது பிழையான நம்பிக்கை. இலட்சக்கணக்கானோரின் பக்கங்களைத் தாங்கியிருந்த ஜியோசிற்றீஸ் தளம் 2009ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் எமது தளமும் மறைந்துவிடும். ஆகையால் ஒரு பிரதி சனசமூக நிலையத்திலும், ஒரு பிரதி வேறூரில் வாழும் உறவினரிடமும் இருத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டிலே தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புக்கு ஒரு பிரதி அளிப்பதும் நன்று. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, உள்ளதனைத்தையும் ஓரிடத்தில் வைத்தலின் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பெரியவர்களைச் சனசமூக நிலையத்துக்கு அழைத்துப் படங்களை வெண்திரையிலே பெரிதாகக் காட்டினோம். மாணவர் இருவர் கொப்பியோடு அருகிருந்து பெயர்களை எழுதினர். பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்று வந்தபோது, எண்பத்தாறு வயது ஆச்சி ஒருவர் கதிரையிலிருந்து எழுந்து திரையின் அருகே போனார். கொடி பிடித்து நின்ற மெலிந்த சிறுவனின் முகத்தைக் கையால் தொட்டார்.

"இது எங்கட பெரியண்ணை. அவற்றை படம் ஒண்டும் எங்களிட்டை இல்லைத் தம்பி. எல்லாம் வீட்டோடை போட்டுது" என்றார்.

படத்தைத் தந்தவருக்கு அச்சிறுவன் யாரென்று தெரியாது. ஆச்சிக்கோ அப்படியொரு படம் உண்டென்பதே தெரியாது. மறுவாரம் இளைஞர்கள் அதனை அச்சிட்டுச் சட்டமிட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தனர். படக்கூடம் சித்திரை வருடப்பிறப்பன்று திறக்கப்பட்டது. முன்னுரையை யாரும் என்னிடம் கேட்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

வாசகர்களே, றங்குப் பெட்டியிலிருக்கும் அல்பத்தை எடுங்கள். வீட்டில் வயதில் மூத்தவரின் அருகே பிள்ளையை ஒரு பென்சிலோடு இருத்துங்கள். அடுத்த விடுமுறை வரட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.