கற்பூரம் ஆக்சிஜன் தராது

கேதார்நாத், லே என்று கிளம்புகிறவர்களுக்குத் தவறாமல் ஓர் அறிவுரை வந்துவிடும்: "மேலே போகப்போகக் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடும். கைக்குட்டையில் கற்பூரத்தை முடிந்து வைத்து முகருங்கள், ஏறிவிடும்." இதில் சொன்ன காரணமும் தவறு, சொன்ன மருந்தும் தவறு.

சதவீதம் குறைவதே இல்லை. மெரினாவிலும் 21தான், எவரெஸ்ட் உச்சியிலும் 21தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மி.மீ. பாதரசம், அதில் ஆக்சிஜனின் பங்கு, அதாவது பகுதி அழுத்தம், 159. மூச்சுக்குழாயில் ஈரமாகும்போது நீராவி 47 மி.மீ. பிடித்துக்கொள்ள, 150 ஆகிறது. நுரையீரலின் நுண்ணறைகளில் கார்பன் டை ஆக்சைடும் பங்கு கேட்பதால் சுமார் 100தான் மிச்சம். அங்கே வந்துசேரும் ரத்தத்தில் 40. இந்த வித்தியாசம்தான் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுகிறது. ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் மொத்த அழுத்தமே 500ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. நீராவி மட்டும் அங்கும் தன் 47ஐ விட்டுக்கொடுப்பதில்லை. எவரெஸ்ட் உச்சியில் 1981இல் அளந்தபோது 253. கணக்குப் போட்டால், உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் வெறும் 43.

சதவீதமோ அழுத்தமோ, திணறுவது திணறுவதுதானே என்பார்கள். அப்படியல்ல. மலையில் நோயுற்றவரைக் காற்றுப் புகாத பை ஒன்றில் படுக்கவைத்து, அதே மலைக்காற்றை உள்ளே அடித்து அழுத்தத்தைக் கூட்டுவது உண்டு. ஆக்சிஜனைத் தனியாகச் சேர்ப்பதில்லை. ஆனாலும் அவர் தேறுகிறார்.

"குறைந்தால் உடம்பே சொல்லிவிடும்" என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. 1875இல் பிரான்சில் 'செனித்' பலூனில் மூவர் 8,000 மீட்டரைத் தாண்டினார்கள். ஆக்சிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. எடுக்கக் கை எழவில்லை. இருவர் இறந்தனர். பிழைத்த டிசாண்டியே, தனக்கு வலியோ வேதனையோ தெரியவில்லை, உள்ளுக்குள் மகிழ்ச்சியாகவே இருந்தது என்று பின்னர் எழுதினார்.

கற்பூரத்துக்கு வருவோம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போதும் ஓமம், கிராம்போடு சேர்ந்து இது வாட்ஸ்அப்பில் சுற்றியது. கற்பூரம் மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். காற்றழுத்தம் ஒரு மி.மீ.கூட ஏறாது. (கற்பூர மூலக்கூறில் ஆக்சிஜன் அணு ஒன்று இருக்கிறதே என்று யாராவது வாதாடலாம். தண்ணீரிலும்தான் இருக்கிறது, அதற்காக அதைச் சுவாசிக்க முடியுமா?) குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் வலிப்பே வரும்.

3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் என்று தொடங்கினால் கற்பூரத்தைத் தேடாமல் உடனே கீழே இறங்குங்கள்.