முத்தைத் தேடினா முத்துக்குமார் வர்றாரே!

தூத்துக்குடியைப் பத்தி ஒரு வெப்சைட் பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். ஃபைனல் இயர் புராஜெக்ட்! மோங்கோடிபி டேட்டாபேஸ்ல மூணு கலெக்‌ஷன். கப்பல், ரயில், விமானம்னு போக்குவரத்து ஒண்ணு. முத்துக்குளிப்பு பத்தின கட்டுரைகள் ஒண்ணு. படகு உரிமையாளர்கள் ஒண்ணு. மூணையும் ஒரே சர்ச் இண்டெக்ஸ்ல கொட்டியாச்சு.

இப்ப ஒரு புண்ணியவான் ‘முத்து’ன்னு டைப் பண்றார். என்ன வரும்? முத்துக்குமார், முத்துலட்சுமி, முத்துராஜ்... அந்த ஊர்ல தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்களே! போதாக்குறைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் வேற. 1973-ல வேப்பலோடையில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பிக்குள்ள முத்து வளர்த்துக் காட்டின கதை, பாவம், எட்டாவது பக்கத்துல கிடக்கும்.

கலெக்‌ஷனுக்கு ஒரு இண்டெக்ஸ்னு பிரிச்சுட்டா இந்த அடிதடி இல்லை. இன்னொரு சிக்கலும் தீரும். கப்பல் சரக்கோட ‘எடை’ டன் கணக்குல வெறும் நம்பர். பழைய முத்து வியாபாரக் குறிப்புல ‘எடை’, ‘அரை மஞ்சாடி’ன்னு எழுத்துல இருக்கும். ஒரு இண்டெக்ஸ்ல ஒரு ஃபீல்டுக்கு ஒரே டைப்தான். முதல்ல நம்பர் போயிருந்தா, மஞ்சாடி வாசல்லயே நிக்கும். எலாஸ்டிக்சர்ச்கூட ஒரே இண்டெக்ஸுக்குள்ள பல வகைகளை அடுக்கும் வசதியை முன்னாடி கொடுத்துட்டு, 2017-ல வந்த 6-ம் வெர்ஷன்ல நிறுத்திடுச்சு.

அடுத்து, ஊர் பேரு. டூட்டிகொரின்னு தேடுறவங்க இன்னமும் உண்டு. ரயில்வே கோடு டி.என்., ஏர்போர்ட் கோடு டி.சி.ஆர். துறைமுகம் 2011-ல வ.உ.சிதம்பரனார் பேருக்கு மாறியாச்சு. 2020-ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கையே மாத்தி ஆர்டர் போட்டு, சில நாள்லயே வாபஸும் வாங்கினாங்க! இது எல்லாம் ஒரே ஊர்தான்னு இண்டெக்ஸுக்குச் சொல்லணும். ஆனா போக்குவரத்து இண்டெக்ஸுக்கு மட்டும் சொல்லுங்க. ‘டி.என். = தூத்துக்குடி’னு படகு இண்டெக்ஸ்லயும் போட்டீங்க, தொலைஞ்சீங்க. தமிழ்நாட்டுப் படகுப் பதிவு எண் எல்லாத்துலயும் டி.என். இருக்கு. ராமேஸ்வரம் படகெல்லாம் தூத்துக்குடிக்கு வந்துரும்.

செட்டப் ரொம்பப் பெருசு இல்லை. மான்ஸ்டாஷ்னு ஒரு டூல், மோங்கோவுல நடக்குற மாற்றத்தைப் பார்த்து எலாஸ்டிக்சர்ச்சுக்கு அனுப்பும். டேட்டாபேஸ் பேரு, புள்ளி, கலெக்‌ஷன் பேருன்னு அதுவே தனித்தனி இண்டெக்ஸ் ஆக்கிடும். மோங்கோ மட்டும் ரெப்ளிகா செட்டா ஓடணும். லேப்டாப்ல ஒத்தை சர்வரையே அப்படி ஓட்டலாம். ஃபயர்ஸ்டோர், அல்கோலியா ஆசாமிகளா? கலெக்‌ஷனுக்கு ஒண்ணுன்னு எக்ஸ்டென்ஷனை மூணு தடவை போடணும். எதுவா இருந்தாலும் புது மாற்றம்தான் தானா போகும். ஏற்கெனவே இருக்கிற சரக்கை நீங்கதான் ஒரு தடவை மொத்தமா ஏத்தணும்.

நிஜமாவே பயப்பட வேண்டிய இடம், படகு உரிமையாளர் கலெக்‌ஷன். அதுல போன் நம்பர் இருக்கும், ஆதார்கூட இருக்கலாம். அந்த எக்ஸ்டென்ஷன்ல எந்தெந்த ஃபீல்டுன்னு கேட்கிற கட்டத்தைக் காலியா விட்டா, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடும். சர்ச் கீ பிரவுசர்லயே இருக்கும் பாஸ். ஸ்கிரீன்ல காட்டலைன்னாலும், வர்ற பதிலைப் பிரிச்சுப் பார்த்தா நம்பர் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். கடல்ல உசுரைப் பணயம் வெச்சுப் பிழைக்கிறவர் நம்பரை, உங்க இன்டர்னல் மார்க்குக்காக ஊருக்கே கொடுக்கணுமா? பேரு, படகு, ஊர். இந்த மூணு மட்டும் போகட்டும்.

டெமோவுக்கு முன்னாடி ராத்திரி ஒரு வேலை. மோங்கோவுல ஒரு முத்துக்குமாரை டிலீட் பண்ணிட்டு, சர்ச்ல தேடிப் பாருங்க. இன்னமும் வர்றாரா?