மோட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க ஏணி வேண்டுமா?

சேவூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கடலைக்காய் ஏலத்தில் விற்ற காசு கைக்கு வந்திருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் முன்பு வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும். வீடு பழைய ஓட்டு வீடு. இரண்டு பக்கமும் மோட்டு வளையைத் தாங்கி முக்கோணமாக உயரும் சுவர்கள். உச்சியில் 18 அடி. ஒரு பக்கச் சுவரை ஒட்டி, சிமென்ட் ஷீட் போட்ட தறிக்குடோன். பெயின்டர் கேட்ட கூலி கட்டுப்படியாகாததால் கணவரே அடிக்கப் போகிறார். டிராக்டர் டிரெய்லரைச் சுவரோரம் நிறுத்தி, அதன்மேல் மூங்கில் ஏணியைச் சாத்துவது அவருடைய திட்டம். "நாப்பதடி தென்ன மரமே ஏறுறவனுக்கு இந்தச் செவுரு ஒரு ஒசரமா?" என்கிறாராம். அதே மாதிரி ஏறி விழுந்தவர் பக்கத்து ஊரில் ஒரு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வாசகிக்கு மனசு கேட்கவில்லை. ஏணி இல்லாமல் அடிக்க வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு. அதற்கு முன்னால் தென்னை மரக் கதையைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் ஏணியிலிருந்து விழுகிறவர்களில் ஏறத் தெரியாதவர்களைவிட, 'நமக்குத் தெரியாததா' என்று ஏறுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

தென்னை மரம் வேர் விட்டு நிற்கிறது. ஏறுகிறவர் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அதை அணைத்துப் பிடித்திருக்கிறார். ஏணிக்கு வேர் இல்லை. அதன் கால் தரையோடு உரசி நிற்கும் பிடிமானம் மட்டும்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. அதிலும் பெயின்ட் அடிப்பவருக்கு ஒரு கைதான் மிச்சம். மற்றக் கையில் பிரஷ். பார்வை மேலே. ரோலரைச் சுவரில் அழுத்தும்போது, அழுத்துகிற அளவுக்குச் சுவரும் ஆளைப் பின்னால் தள்ளுகிறது. மரத்தில் காய் வெட்டும்போது இந்தத் தள்ளல் கிடையாது. டிரெய்லர் மேல் ஏணி என்றால் இன்னும் மோசம். டயரும் ஸ்பிரிங் பட்டையும் ஆளின் எடைக்கு அசையும்; இரும்புத் தரையில் ஏணிக்கால் வழுக்கும். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் கீழே விழுந்து இறப்பவர்கள் சுமார் 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 80 சதவிகிதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். இதில் எத்தனை பேர் 'அஞ்சு நிமிஷ வேலை' என்று ஏறினார்களோ!

இப்போது சுவரைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரின் அகலம் 24 அடி, ஓட்டின் கீழ் விளிம்பு வரை 10 அடி, உச்சி 18 அடி என்று வைத்துக்கொண்டால், மொத்தப் பரப்பு 336 சதுர அடி. சராசரி உயரமுள்ள ஒருவர் சுவரிலிருந்து 4 அடி தள்ளித் தரையில் நின்று, 10 அடிக்கு நீளும் கம்பில் ரோலரை மாட்டி அடித்தால் சுமார் 13 அடி வரை எட்டும். அதற்கு மேலே மிஞ்சுவது 5 அடி உயர முக்கோணம். அதன் பரப்பு 37.5 சதுர அடி. அதாவது ஒன்பதில் ஒரு பங்குக்காகத்தான் இந்த ஏணி, டிரெய்லர் பாடெல்லாம். சுவரின் அளவு வேறாக இருந்தாலும் ஓட்டு வீட்டில் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் வரும். மேலே போகப்போக முக்கோணம் சுருங்கிக்கொண்டே போகிறதே.

நீளும் கம்பு பெயின்ட் கடைகளிலேயே கிடைக்கிறது. இழுத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வாங்கும்போது முழு நீளத்துக்கு இழுத்து, நுனியை அசைத்துப் பார்த்து, அதிகம் துவளாததாக எடுக்க வேண்டும். பழைய சுவர் சொரசொரப்பாக இருந்தால், ரோலரில் அடர்த்தியான நீளமுடி உறை போட வேண்டும். குட்டை முடி உறை பள்ளங்களுக்குள் போகாது. ஓட்டுக்குக் கீழே விளிம்போரம் ரோலர் போகாத இடத்துக்கு, 2 அங்குல பிரஷ்ஷைக் கம்பு நுனியில் சற்றே சாய்வாக வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் கோணலாகத்தான் வரும். அப்புறம் கை பழகிவிடும். 18 அடி உயரத்தில் ஒரு விரற்கடைப் பிசகு வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

மீதி 37.5 சதுர அடிக்கு 4 அடி உயர மேடை போதும். 13 அடியோடு 4 அடி சேர்ந்தால் 17. உச்சியில் மிஞ்சும் ஓரடி முக்கோணம் ஒன்றரை சதுர அடிதான். கம்பைக் கொஞ்சம் செங்குத்தாகப் பிடித்தால் அதுவும் எட்டிவிடும். எண்ணெய் டிரம் மேல் பலகை போடும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது வேண்டாம். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் இரும்புச் சாரம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அவிநாசி வரை போனால் எடுத்து வந்துவிடலாம். பலகை ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது. 5 அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். பலகை நுனி தாங்கலுக்கு வெளியே நீண்டிருந்தால், அங்கே கால் வைத்ததும் மறுமுனை தூக்கிவிடும். ஆகவே இரண்டு முனையிலும் கயிற்றால் கட்டிவிட வேண்டும். இடுப்பளவுக்கு நாலு பக்கமும் தடுப்புக் கம்பு அவசியம். முதுகுப் பக்கத் தடுப்பை யாரும் கட்டுவதில்லை. ஆனால், ரோலர் தள்ளுவது அந்தப் பக்கம்தான். மண் தரை என்றால் சாரத்தின் கால்களுக்கு அடியில் அகலமான பலகைத் துண்டு வைத்து மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் மாற்றும்போது ஆள் இறங்கிவிட வேண்டும். மேலே நின்றுகொண்டே 'அப்படியே தள்ளு' என்பது கூடாது. பெயின்ட் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாமல், கிணற்றில் தண்ணீர் சேந்துவது போலக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம்.

கம்பு வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது: மின்சாரம். நீளும் கம்பு பெரும்பாலும் அலுமினியம் அல்லது இரும்பு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் இந்த உயரத்தில்தான் சுவரில் வந்து சேர்கிறது. தறி இருக்கும் வீட்டுக்கு மும்முனை இணைப்பு வேறு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வீட்டுக்குள் போகும் மின்சாரத்தை மட்டும்தான் நிறுத்தும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வெயிலில் காய்ந்து தோல் வெடித்த பழைய வயரில் ஈரக் கம்பு பட்டால் போதும். ஈர மூங்கிலையும் நம்ப முடியாது. எனவே பகுதி மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, அந்த ஒரு பக்கச் சுவர் அடிக்கும் நேரத்துக்குக் கம்பத்திலேயே இணைப்பை நிறுத்தித் தரும்படி கேட்க வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. நாமே கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்குவது இன்னொரு விபத்துக்குத்தான் வழி.

எமல்ஷன், டிஸ்டம்பருக்கு ரோலர் சரி. சுண்ணாம்புதான் அடிக்கப்போகிறோம் என்றால் விவசாயி வீட்டில் வேறொரு கருவி இருக்கிறது: மருந்து தெளிப்பான். மாட்டுக் கொட்டகைக்கும் கோழிப் பண்ணைக்கும் அதில்தான் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். 1 கிலோ சுண்ணாம்புக்கு சுமார் 5 லிட்டர் தண்ணீர் கணக்கில் கரைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் இரண்டு மூன்று முறை வடிகட்டினால் நாசில் அடைக்காது. பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்கக் கூடாது. மேல்நோக்கி அடிக்கும் பனி முழுக்க முகத்தில்தான் இறங்கும். வேலை முடிந்ததும் நிறைய தண்ணீர் விட்டு அலசாவிட்டால் அடுத்த தடவை தெளிப்பான் வேலைக்கு ஆகாது.

மேல் சுவர் அடிப்பவருக்குச் சொட்டு விழுவது கண்ணில்தான். சுண்ணாம்பு கடுமையான காரம். கருவிழியை வேகவைத்துப் பார்வையையே பறித்துவிடும். கண்ணை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி அதிக விலை இல்லை. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று தேடிக்கொண்டிருக்காமல், இமையைப் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 20 நிமிடமாவது விடாமல் ஊற்ற வேண்டும். அதன் பிறகு நேரே கண் மருத்துவமனை. வேலை செய்யும் இடத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் மூடி வைத்திருப்பது நல்லது.

பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதிலும் கவனம் வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு அடித்த எனாமல் பெயின்ட்டில், முக்கியமாகக் கதவு, ஜன்னலில், ஈயம் அதிகமாக இருக்கலாம். அதை உலர்ந்தபடியே தேய்த்தால் தூசி பறந்து குழந்தைகளின் உடம்பில் சேரும். நனைத்துச் சுரண்டி, தூசியை ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் சுவர் உச்சியிலும் விட்டத்திலும் பஞ்சு படிந்திருக்கும். அதைக் கம்பில் கட்டிய துடைப்பத்தால் இறக்காமல் அடித்தால் பெயின்ட் பஞ்சோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

ஓட்டு விளிம்பில் கதண்டோ குளவியோ கூடு கட்டியிருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். உயரத்தில் நிற்கும்போது கொட்டினால் கை தானாகவே விட்டுவிடும். கதண்டுக் கூடு என்றால் தீயணைப்புத் துறையை 101-ல் அழைக்கலாம். நெருப்புப் பந்தத்தோடு ஏறுவது வேண்டாம். மார்கழிப் பனியில் பலகையும் சுவரும் காலையில் ஈரமாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு தொடங்குவதே சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் இந்த வேலையை நினைத்தே பார்க்கக் கூடாது. நல்லவேளையாகப் பொங்கல் சமயத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எத்தனை சொன்னாலும் ஏதாவது ஒரு மூலைக்கு ஏணி தேவைப்படத்தான் செய்யும். அப்போது 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் ஏணிக்கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்; 12 அடியில் சாத்தினால் கால் 3 அடி தள்ளி. மண் தரையில் ஏணிக்காலுக்குச் சிறு குழி பறித்துக்கொள்ளலாம். சிமென்ட் தரையில் பழைய டயர் ரப்பரை ஏணிக்காலில் கட்டலாம். மேல் முனையை உறுதியான ஓரிடத்தில் கயிற்றால் கட்ட வேண்டும். ஓட்டு ரீப்பர் அதற்கு ஆகாது. மூங்கில் ஏணியாக இருந்தால் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்து, உளுத்ததையும் வெடித்ததையும் ஒதுக்க வேண்டும். மேல் மூன்று படிகளில் நிற்கக் கூடாது. தொப்புள் எப்போதும் ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். அது வெளியே போகிறது என்றால், இறங்கி ஏணியை நகர்த்தும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். லுங்கியும் ஹவாய் செருப்பும் அன்றைக்கு வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால் முதலில் செய்யக்கூடாதது, தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது. கழுத்து, முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலில்தான் கைகால் விளங்காமல் போகும். அசைக்காமல் படுத்தபடியே வைத்து, தலையை இருபக்கமும் கையால் அணைத்துப் பிடித்து, 108-ஐ அழைக்க வேண்டும். ஆம்னி வேனில் மடக்கிப் போட்டுக் கட்டு கட்டுபவரிடம் கொண்டுபோவது கூடாது.

இவ்வளவு சொன்னதும் வாசகி வீட்டின் ஒரு பக்கச் சுவருக்குத்தான். தறிக்குடோனை ஒட்டிய அடுத்த பக்கச் சுவரை அவருடைய கணவர் தொடவே வேண்டாம். அங்கே அடிக்க ஷீட் மேல் ஏற வேண்டும். சிமென்ட் ஷீட் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் ஆள் எடையைத் தாங்குவதற்கு ஆனதல்ல; வெயிலிலும் மழையிலும் வயதான ஷீட் சத்தம் காட்டாமல் உடையும். உடைந்தால் விழுவது நேரே தறி மேல். ஆணி அடித்த வரிசையில் கால் வைத்தால் தாங்கும் என்பதையும் நம்ப வேண்டாம். கட்டாயம் அடித்தாக வேண்டும் என்றால், கீழே இருக்கும் இரும்புச் சட்டங்களின் மேல் எடை இறங்கும்படி நீளப் பலகை போட்டு, ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள முழு உடல் பாதுகாப்பு பெல்ட் மாட்டி வேலை செய்யத் தெரிந்த பெயின்டரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்வது அவருடைய குடும்பத்துக்கும் நல்லது. 1994-ல் தொடங்கிய அந்த வாரியத்தில் பெயின்டர்களும் சேரலாம். 18 முதல் 60 வயது வரை பதிவு உண்டு. விபத்து நடந்தால் உதவித்தொகைக்கு அந்தப் பதிவு கைகொடுக்கும்.

இல்லையென்றால் அந்தச் சுவரை இந்தப் பொங்கலுக்கு அப்படியே விட்டுவிடலாம். ஷீட்டுக்கு மேலே தெரியும் அந்த முக்கோணத்தை வீதியிலிருந்து யாரும் பார்க்கப் போவதில்லை. என்றைக்காவது குடோன் ஷீட்டைக் கழற்றி மாற்றும்போது, கீழே சாரம் போட்டு நிதானமாக அடித்துக்கொள்ளலாம்.