பொதுமொழியும் ஆதிக்க மொழியும்

உலகுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்று எவரேனும் சொன்னால், தாய்மொழிப் பற்றாளர் சினங்கொள்வது இயல்பு. சினம் நியாயமானதே, ஆனால், அது யார்மீது பாயவேண்டும் என்பதை வரலாற்றைப் பார்த்து முடிவு செய்வோம்.

1859-ல், அன்று ருசியப் பேரரசின் கீழிருந்த பியாலிஸ்டாக் நகரில் பிறந்தார் சாமென்ஹோஃப். அங்கே ருசியரும் போலந்தியரும் ஜெர்மானியரும் யூதரும் அருகருகே வாழ்ந்தனர். மொழியோ அவர்களைப் பிரித்து வைத்தது. அந்தப் பகை கண்டு மனம் நொந்த அவர், எளிய மொழியொன்றை ஆக்கி, 1887-ல் வார்சாவில் நூலாக வெளியிட்டார். அதுதான் எஸ்பராந்தோ. அடிப்படை விதிகள் 16 மட்டுமே. எந்த மொழியையும் அழிக்க அவர் எண்ணினாரில்லை. வீட்டிலும் நாட்டிலும் அவரவர் மொழி. பிற நாட்டாரோடு பேச, எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத மொழி. அவர் கேட்டது இவ்வளவே!

இதனை எதிர்த்தவர் யார்? ஏழை உழவனா? சிறிய இனத்தவரா? அல்ல! 1920-களில் சர்வதேச சங்கத்தில் இம்மொழி பற்றிய பேச்சு எழுந்தபோது, முட்டுக்கட்டை போட்டது பிரெஞ்சு அரசு. தன் மொழி வீற்றிருந்த அரியணையை இழக்க அதற்கு மனமில்லை. இட்லர் இதனை யூதரின் சூழ்ச்சி என்றான். ஸ்டாலின் ஆட்சியில், 1937, 1938 ஆம் ஆண்டுகளில், இம்மொழி இயக்கத்தார் சிறையும் சாவும் கண்டனர். சாமென்ஹோஃபின் மக்கள் மூவரையும் நாஜிகள் கொன்றொழித்தனர்.

1954-ல் யுனெஸ்கோ இம்மொழியின் பணியை ஏற்றுப் போற்றியது. பாராட்டுக் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. இன்றும் ஐக்கிய நாடுகள் மன்றத்தின் அலுவல் மொழிகள் ஆறும் அரசுகளின் மொழிகளே.

எஸ்பராந்தோவில் குறையில்லையா? உண்டு. அதன் சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வேரில் முளைத்தவை. ஆசிய மக்களுக்கு அது கூடுதல் சுமையே. ஆயினும், அதைப் பிரெஞ்சுக்காரரும் படித்தாக வேண்டும். தமிழரும் படித்தாக வேண்டும். படிக்காமலே ஆளும் உரிமை எந்த நாட்டாருக்கும் இல்லை.

தோழர்களே! 1965-ல் மொழிக்காக உயிர் கொடுத்தோரின் வழிவந்தவர் நாம். நாளை எவரேனும் ஒரு மொழியைப் "பொதுமொழி" என்று கொணர்ந்தால், வெறுப்பைக் காட்டவேண்டாம். ஒரு கேள்வி கேட்போம். இதை யார் தாய்மடியிலேயே பெறுகிறார்? யார் தேர்வெழுதிப் பெறவேண்டும்? எல்லோரும் கற்றாக வேண்டுமெனில் அது பொதுமொழி. ஒரு சாரார்க்குப் பிறப்புரிமையாகவும் மறு சாரார்க்குக் கட்டாயமாகவும் இருப்பின், அதற்கு எப்பெயர் சூட்டினும் அது ஆதிக்க மொழியே!