மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி



மேல்மலையின் போளூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் ஒரு குடும்பத்தைக் கடந்த மழைக்காலத்தில் சந்தித்தேன். அவ்வீட்டு மகள் கல்லூரியில் படிக்கிறாள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாட்களே இருந்தன. ஆனால் வீட்டிலிருந்த மேசைக் கணினி எந்த இணையதளத்தையும் திறக்க மறுத்தது. "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கையே திரும்பத் திரும்ப வந்தது. மலையடிவாரத்துக் கடையொன்றில் தொலைபேசியில் விசாரித்திருக்கிறார்கள். "மிகப் பழையது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்பது பதில். தாயார் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க ஆயத்தமாயிருந்தார்.

திரையின் ஓரத்தைப் பார்த்தேன். தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். மின்சாரம் இல்லாத வேளையிலும் கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது அதுவே. அது தீர்ந்துவிட்டால், மின்தடைக்குப் பின் கணினி ஏதோ ஒரு பழைய நாளில் விழித்தெழும். ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2012-இல் இருப்பதாக எண்ணும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. ஆகவே அதை நம்ப மறுக்கிறது. தேதியைத் திருத்தினோம், தளம் திறந்தது. சி.ஆர். 2032 என்னும் அந்த மின்கலத்தைப் பிறகு சில பத்து ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினார்கள். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

பழையது என்பது ஒரு பொருளின் வயதைச் சொல்கிறதேயன்றி, அதன் நோயைச் சொல்வதில்லை. நோய் இன்னதென்று அறியாமல் பொருளை மாற்றுகிறவர், பல வேளைகளில் அதே நோயைப் புதிய பொருளுக்கும் கொண்டுபோகிறார். வீட்டின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் நின்றுபோன கணினிக்குப் பதிலாகப் புதியதை வாங்கி, அதே சுவரில் செருகினால் என்ன பயன்? ஆகவே வாங்குவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "விலை என்ன?" என்பதல்ல, "குறை என்ன?" என்பதே.

முதலாவது, நம் கோப்புகளையும் படங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். கணினியை மறுபடியும் வாங்கலாம்; மறைந்தவர்களின் படங்களை வாங்க முடியாது. அதன்பின் எளியதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்லுங்கள். கணினி எழும்பவேயில்லையா? மின்வடத்தையும் செருகியையும் யு.பி.எஸ்.-ஐயும் முதலில் பாருங்கள். பீப் ஒலி மட்டும் கேட்டுத் திரை இருண்டிருக்கிறதா? மூடுபனியும் ஈரமும் மிகுந்த நம் மலையில் நினைவகப் பலகையின் உலோக விளிம்பு மங்கிப்போவது உண்டு. மின்வடத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பலகையை எடுத்து, எழுதுகோல் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தினாலே பலமுறை சரியாகிவிடும். சிறிது நேரம் ஓடித் தானாக நின்றுவிடுகிறதா? விசிறியில் அடைந்த தூசியால் சூடேறியிருக்கலாம். எல்லாம் ஓடியும் ஆமை வேகமா? சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவதும், 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஆக்குவதும், புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்கில் முடிந்துவிடும்.

ஆனால் எதையும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிக்கனம் என்னும் பெயரில் ஆபத்தை வீட்டுக்குள் வைத்திருப்பதும் ஞானமல்ல. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினி அன்றைக்கு நின்றுவிடவில்லை. அதனாலேயே பலரும் கவலையற்றிருக்கிறார்கள். ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. பூட்டுப் பழுதான கதவும் நன்றாகத்தான் திறந்து மூடும். திருடன் வரும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். அந்தக் கணினியில் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள் என்றால், பென் டிரைவை அண்டை வீட்டாரோடு பகிர்கிறீர்கள் என்றால், ஆபத்து உங்களோடு நிற்பதில்லை, பிறரையும் தொடும்.

இங்கும் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் பதிவு செய்கிறவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. விண்டோஸ் 11 தன் பங்குக்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான செயலிகளை ஏற்பதில்லை. அத்தகைய கணினியிலும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். கடிதம் எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் பாடம் கேட்கவும் அது போதும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி உங்கள் பரணில் உறங்குகிறதா? இறக்கிப் பாருங்கள்.

அப்படியானால் மாற்றும் வேளை எது? என் எண்ணத்தில் மூன்று அடையாளங்கள். செய்ய வேண்டிய வேலையை அக்கணினி உண்மையாகவே செய்ய இயலாதபோது. பாதுகாப்பாக வைத்திருக்கும் வழிகள் எல்லாம் அடைபட்டபோது. பழுதுபார்க்கும் செலவு புதியதின் விலையில் பாதியைத் தாண்டும்போது. இவற்றில் ஒன்று தெளிவாக இருந்தால், தயக்கமின்றி மாற்றுங்கள். அண்டை வீட்டார் வாங்கினார்கள் என்பது இந்த மூன்றில் சேராது.

மாற்றியபின் பழையது எங்கே போகும்? 2001-ஆம் ஆண்டைக் கொடைக்கானல் மறக்கவில்லை. வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த ஆலை மூடப்பட்டது. தொழிலாளரின் துயரம் நெடுங்காலம் தொடர்ந்தது. பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயமும், பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குகளில் சிறிதளவு பாதரசமும் உண்டு என்பதை அறிந்தால், ஓடைச் சரிவில் அவற்றை எறிய நம் கை கூசும். 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது; முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால் பங்குக்கும் குறைவு. ஆகவே அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்; இன்னும் ஓடுமானால் தேவையுள்ள ஒரு மாணவருக்குக் கொடுங்கள்.

நம் கையில் இருப்பதற்கு நாம் உக்கிராணக்காரர்கள். உக்கிராணக்காரன் பதுக்குகிறவனும் அல்ல, வீணடிக்கிறவனும் அல்ல. கணக்குக் கொடுக்க வேண்டியவன். இந்த வாரம் உங்கள் வீட்டுக் கணினி தொல்லை கொடுத்தால், கடைக்காரரை அழைக்குமுன் ஒருமுறை திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.